தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்: வீட்டிலேயே மாற்றும் வழி

என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு ஆல்டோ. பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். வாங்கிய புதிதில் அதில் ஒரே ஒரு குறைதான் கண்ணில் பட்டது: வெப்பநிலை முள் கால் பங்குக்கு மேல் ஏறாது. கோவையில் கிளம்பி மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்வரை அடியிலேயே கிடக்கும். மார்கழியில் கோத்தகிரி போனபோது ஹீட்டரை முழுதாகத் திருப்பியும் வெதுவெதுப்பான காற்றுகூட வரவில்லை. பின் இருக்கையில் அம்மா சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே வந்தார். பெட்ரோலும் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகவே குடித்தது.

தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கும் என்று நினைத்து, புதியது ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதன் மூடியைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. அது உட்கார வேண்டிய வட்டப் பள்ளத்தில் வெள்ளை உப்பு வளையமாகப் படிந்திருந்தது, அவ்வளவுதான். விற்றவரிடம் கேட்டேன். ஒருமுறை வண்டி சூடேறியதாகவும், நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று பட்டறையில் கழற்றிவிட்டதாகவும் சொன்னார்.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். நியாயம்போலத்தான் ஒலிக்கும். ஆனால் முற்றிலும் தவறு. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி இரண்டு போல்ட்டும் ஒரு ஹோஸ் கிளிப்பும்தான்.

அது செய்யும் வேலை

இன்ஜின் வேலை செய்ய ஏற்ற சூடு என்று ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அது, இன்ஜினுக்குள் ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் திரவமான கூலன்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் நிலை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கூலன்ட் 25, 30 டிகிரியில் இருக்கும். அங்கிருந்து 90க்கு விரைவாகப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு அங்கேயே நிற்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளும் கதவுதான் தெர்மோஸ்டாட். குளிர்ந்திருக்கும்போது அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து, கூலன்டை இன்ஜினுக்குள்ளேயே சுற்ற விடும். சூடேறியதும் வழியைத் திறக்கும்.

மின்சாரம் இல்லாமல் இது எப்படித் திறக்கிறது என்றால், அதன் நடுவில் பித்தளைக் குப்பிபோல ஒன்று இருக்கிறது. அதற்குள் மெழுகு அடைத்திருக்கிறார்கள். மெழுகு உருகும்போது விரியும். விரிந்து ஒரு சிறு தண்டைத் தள்ளும். அந்தத் தள்ளலில் ஸ்பிரிங் அமுங்கி வால்வு திறக்கும். சூடு தணிந்தால் மெழுகு சுருங்கும்; ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்பது அதன் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கார்களில் 82, 88 போன்ற எண்களில் ஒன்று இருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, அதற்குமேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறந்துவிடும்.

இப்போது அந்த 'வெயில்' வாதத்துக்கு வருவோம். அக்னி நட்சத்திரத்தில்கூட வெளியே 40, 42 டிகிரிதான். இன்ஜின் கேட்பது 90. நம் ஊர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் இன்ஜின் கேட்கும் சூட்டில் அது பாதிகூட இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே கூலன்டின் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகப் போகும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடிக்க அடிக்க இன்ஜின் சூடேறாமலே ஓடும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக நினைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். ஆயில் சூடேறாததால் அதில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: அடியில் வெண்ணெய்போல மஞ்சள் கலந்த வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் இந்த ஈரம்தான். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

சரி, சூடேறும் வண்டிக்காவது கழற்றினால் நல்லதா? அதுவும் இல்லை. நல்ல தெர்மோஸ்டாட், சூடேறிய வண்டியில் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதைக் கழற்றுவதால் கிடைக்கும் கூடுதல் ஓட்டம் மிகச் சொற்பம். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ விசிறி சுற்றாவிட்டாலோ அந்தக் குறை அப்படியே இருக்கும். கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இதைவிட மோசமானதும் உண்டு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் குறுக்குப் பாதையைச் சூடேறியதும் அடைக்கும் வேலையையும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலன்டின் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குப் பாதையிலேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய கையே சூட்டைக் கூட்டிவிடும்.

பழுதா இல்லையா என்று கண்டுபிடிப்பது

தெர்மோஸ்டாட் இரண்டு விதமாகப் பழுதாகும். திறந்தபடியே சிக்கிக்கொண்டால், நான் மேலே சொன்ன அறிகுறிகள்: முள் ஏறாது, ஹீட்டர் சூடாகாது, பெட்ரோல் கூடுதலாகும். புதிய கார்களில் முள்ளுக்குப் பதிலாக, குளிர்ந்த இன்ஜினைக் காட்டும் நீல விளக்கு இருக்கும். அது நெடுநேரம் அணையாமல் எரிந்தால் அதுவும் இதே அறிகுறிதான். வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகிப் பார்ப்பவர்களுக்கு பி0128 என்ற குறியீடு வரலாம். கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்பது அதன் பொருள்.

மூடியபடியே சிக்கிக்கொள்வது ஆபத்தானது. சில நிமிடங்களில் முள் சிவப்புக்குப் போய்விடும். அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்தால், ஹெட் கேஸ்கெட் மாற்றுவது, லேத் பட்டறையில் ஹெட்டை மட்டம் செய்வது என்று செலவு பல ஆயிரங்களுக்கு ஏறும். முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பக்கத்தில்தானே வீடு என்று ஓட்டிப் போகாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாதபடி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் மேல் ஹோஸின் முனையில் இருக்கும் வண்டிகளில், நல்ல தெர்மோஸ்டாட் என்றால் முதல் சில நிமிடங்களுக்கு ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். பிறகு சட்டென்று சூடாகும். அந்த நொடியைக் கையால் உணரலாம். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டு வந்தால் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே ஒன்றுமே இல்லை. முள் பாதியைத் தாண்டி ஏறியும் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால் மூடியபடி சிக்கியிருக்கிறது. உடனே இன்ஜினை அணையுங்கள்.

வண்டி சூடேறினால் பழியெல்லாம் தெர்மோஸ்டாட் மேல்தான் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பல கார்களில் ஏ.சி.யைப் போட்டாலே விசிறி சுற்றும். சுற்றவில்லை என்றால் குறை அங்கே இருக்கலாம்.

எந்த வண்டியில் கை வைக்கலாம்

மாருதி 800, பழைய ஆல்டோ போன்ற 796 சிசி மூன்று சிலிண்டர் வண்டிகள் புதியவர்களுக்கு ஏற்றவை. ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே இன்ஜின் பக்கம் போனால், அது முடியும் இடத்தில் குவிந்த அலுமினிய மூடி இருக்கும். இரண்டு போல்ட் அதைப் பிடித்திருக்கும். அதன் அடியில்தான் தெர்மோஸ்டாட். சில வண்டிகளில் அது கீழ் ஹோஸின் முனையில், வாட்டர் பம்ப்புக்கு முன்னால் இருக்கும்; அங்கே இடம் குறைவு, பொறுமை கூடுதலாக வேண்டும். சில டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் தனியாகக் கிடைக்காது. அது உட்காரும் கூட்டோடு சேர்ந்த ஒரே உருப்படியாகத்தான் வரும். டைமிங் பெல்ட்டையோ இன்டேக் மேனிபோல்டையோ கழற்றினால்தான் எட்டும் என்கிற அமைப்பாக இருந்தால், முதல் முயற்சிக்கு அது வேண்டாம். நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

தெர்மோஸ்டாட் வாங்கும்போது வண்டியின் மாடல், ஆண்டு, முடிந்தால் இன்ஜின் வகை எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. மற்ற ஊர்களில் அந்தந்த கம்பெனியின் உதிரிபாகக் கடையே போதும். சிறிய கார்களுக்கு இது விலை கூடிய பொருள் இல்லை. அதனால் இதில் மிச்சம் பிடிக்க நினைத்து, பெயர் தெரியாத பெட்டியில் வருவதை வாங்காதீர்கள். குறைந்த டிகிரி போட்டால் வண்டி குளுகுளுவென்று ஓடும் என்று கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் வண்டிக்குக் கம்பெனி எந்த டிகிரி சொல்லியிருக்கிறதோ அதே டிகிரிதான். அதனுடன், மூடிக்கு அடியில் ஒழுகாமல் இருக்க வைக்கும் பேக்கிங்கையும், சில மாடல்களில் ரப்பர் வளையத்தையும் புதிதாகவே வாங்குங்கள். பழைய பேக்கிங்கைத் திரும்பப் போட்டால் ஒழுகும்.

கூலன்ட் இரண்டு விதமாகக் கிடைக்கும். அப்படியே ஊற்றுவது ஒன்று. தண்ணீர் கலக்க வேண்டியது ஒன்று. டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள். கலக்க வேண்டியது என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி தண்ணீர் என்று பெட்ரோல் பங்கிலேயே விற்பார்கள். குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கண்டிப்பாக வேண்டாம். என் வண்டியின் பள்ளத்தில் படிந்திருந்த அந்த வெள்ளை வளையம் போர்வெல் தண்ணீரின் கைவரிசை. அதே உப்பு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படிந்திருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு வகைக் கூலன்டைக் கலப்பதும் கூடாது. உறைபனி விழாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகளே. நமக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான்.

கருவிகள் அதிகம் இல்லை. 10, 12 எண் பாக்ஸ் ஸ்பானர், பிளேயர், திருப்புளி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, நைஸான உப்புத்தாள், புனல், அகலமான பழைய பேசின், துணிகள். ஹோஸ் கிளிப் துருப்பிடித்திருந்தால் புதிது ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.

அடுப்பில் ஒரு சோதனை

இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கருத்து. புதிய தெர்மோஸ்டாட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக வண்டியில் மாட்டாதீர்கள். புதிதிலும் பழுது வரும். மாட்டி, கூலன்ட் ஊற்றி, மலை ஏறிய பிறகு அதைக் கண்டுபிடிப்பதைவிட அடுப்பங்கரையில் கண்டுபிடிப்பது மேல்.

இனிச் சமையலுக்குத் திரும்பப் போகாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது. முட்டினால் பாத்திரத்தின் சூடு நேராக ஏறிக் கணக்கைக் குழப்பும். சமையல் தெர்மோமீட்டர் இருந்தால் பக்கத்தில் தொங்கவிட்டு, மெல்லிய தீயில் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதை ஒட்டி வால்வுக்கும் விளிம்புக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி தெரியும். பிறகு அது மெல்ல மெல்ல அகலும். 95ஐ நெருங்கும்போது பார்த்தால் சுமார் 8 மில்லிமீட்டர் திறந்திருக்கும். வெளியே எடுத்து வைத்தால் கண் முன்னாலேயே மூடிக்கொள்ளும். உயிருள்ள ஒன்று வாயைத் திறந்து மூடுவதுபோல இருக்கும். என் மகள் இதை மூன்று முறை செய்து காட்டச் சொன்னாள்.

திறக்கத் தொடங்கும் நொடியைக் கண்ணால் பிடிப்பது கடினம். அதற்கு நூல் போதும். திறந்த நிலையில் இடுக்கியால் எடுத்து, வால்வு மூடிக்கொள்வதற்குள் நடுவில் ஒரு நூலைக் கொடுங்கள். மூடும்போது நூலைக் கவ்விக்கொள்ளும். ஆறிய பிறகு அந்த நூலாலேயே புதிய தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். திறக்கத் தொடங்கியதும் பிடி நழுவி, தெர்மோஸ்டாட் 'டக்' என்று பாத்திரத்தில் விழும். அந்த நொடியில் தெர்மோமீட்டர் காட்டும் எண்தான் திறக்கும் சூடு.

தெர்மோமீட்டர் இல்லாவிட்டாலும் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது வால்வு நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே முழுதாகத் திறக்காமல் கொஞ்சம் குறைவாகத் திறந்தால் அது தெர்மோஸ்டாட்டின் குற்றம் இல்லை.

கழற்றுவது

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட்டைப் போன்றது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பல கார்களில் அந்த மூடியில் 0.9 என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விலகும். அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பீறிடும். துணியைப் போட்டுத் திறந்தாலும் கை வெந்துவிடும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வேலையைத் தொடங்குவதே சரி.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றும். விரல் அங்கே இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

ரேடியேட்டரின் அடியில் பேசினை வைத்து, வடிக்கும் திருகைத் தளர்த்துங்கள். மேல் மூடியையும் திறந்துவிட்டால் சீராக வடியும். தெர்மோஸ்டாட் மேலே இருக்கும் வண்டிகளில் எல்லாவற்றையும் வடிக்கத் தேவையில்லை. மட்டம் தெர்மோஸ்டாட்டின் மூடிக்குக் கீழே இறங்கினால் போதும். ஆனால் வருவது துருக் கலந்து டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

வடித்த கூலன்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. இனிப்பாக இருக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். சிறு குழந்தைகள் நிறத்தைப் பார்த்து ஷர்பத் என்று நினைக்கக்கூடும். உடனே ஒரு கேனில் ஊற்றி, இறுக மூடி, மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டக் கூடாது. பழைய ஆயிலையும் கூலன்டையும் முறையாகச் சேர்த்து அனுப்பும் பெரிய பட்டறையில் கொடுத்துவிடலாம்.

அடுத்து மேல் ஹோஸ். கிளிப்பைத் தளர்த்திப் பின்னால் தள்ளுங்கள். ஹோஸ் எளிதில் வராது. வருடக்கணக்கில் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். திருப்புளியை நுழைத்து நெம்பாதீர்கள். அலுமினியக் குழாய் கீறும், பிறகு அந்தக் கீறல் வழியாக ஒழுகும். இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருகுங்கள். ஒட்டு விட்டதும் தானாக நழுவி வரும். அழுத்திப் பார்த்தால் விறைத்தோ வெடித்தோ இருக்கும் ஹோஸை இப்போதே மாற்றிவிடுங்கள்.

மூடியின் இரண்டு போல்ட்டில்தான் முழுக் கவனமும் வேண்டும். இரும்பு போல்ட், அலுமினிய மரை. பல ஆண்டு ஈரத்தில் இரண்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலைக்கு அரை மணி நேரம் முன்பே துரு நீக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். முனை தேய்ந்த ஸ்பானர் வேண்டாம். பிடிப்பாக உட்காரும் பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு மெல்லத் தளர்த்துங்கள். கிறீச் என்ற சத்தத்தோடு கொஞ்சம் அசைந்தால், திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி, எண்ணெய் விட்டு, இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டியே எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் பலம் கொடுத்தால் போல்ட் நடுவில் முறிந்துவிடும். முறிந்த துண்டை வெளியே எடுப்பது இந்த வேலை முழுவதையும்விடப் பெரிய வேலை.

மூடி வந்ததும் பழைய தெர்மோஸ்டாட்டை எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேலே, சிறு துளை எங்கே என்பதெல்லாம் பிறகு உதவும்.

மாட்டுவது

இரண்டு பக்கத்து முகப்பையும் சுத்தம் செய்வதில்தான் ஒழுகாத வேலையும் ஒழுகும் வேலையும் பிரிகின்றன. முதலில் இன்ஜின் பக்கத்துத் துளையில் ஒரு துணியைச் சுருட்டி அடையுங்கள். குப்பை உள்ளே போகக் கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். பிளேடாலோ உளியாலோ சுரண்டினால் மெத்தென்ற அலுமினியத்தில் கோடு விழும். மிச்சக் கறையை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் விரலுக்குத் தெரியும். முடித்ததும் துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டில் ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் இருக்கும் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். சூடான கூலன்ட் குப்பியைத் தொட்டால்தான் அது திறக்கும். தலைகீழாக மாட்டினால் நேரத்துக்குத் திறக்காது; வண்டி கொதித்துவிடும். விளிம்பில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் குண்டூசிபோன்ற ஒன்றும் இருக்கும். காற்று வெளியேற வைத்த வழி அது. தெர்மோஸ்டாட் சாய்வாகவோ செங்குத்தாகவோ உட்காரும் இன்ஜின்களில் அந்தத் துளை மேலே இருக்கும்படி வையுங்கள். காற்று மேலே போகுமே தவிரக் கீழே போகாது.

பேக்கிங்கைச் சரியாகப் பொருத்துங்கள். ரப்பர் வளையம் வரும் மாடலில் வேறு எதுவும் பூச வேண்டாம். காகிதப் பேக்கிங் என்றால் சிலர் சிலிகான் பேஸ்ட் தடவுவார்கள். அனபாண்ட் என்று கேட்டாலே கடையில் கொடுப்பார்கள். முகப்பு நன்றாக இருந்தால் அதுவும் தேவையில்லை. தடவியே ஆக வேண்டும் என்றால் படலம்போலத் தடவுங்கள். உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் உலர்ந்து, பிய்ந்து, ரேடியேட்டரில் போய் அடைக்கும்.

மூடியை வைத்து இரண்டு போல்ட்டையும் முதலில் விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பிறகு ஸ்பானரால் இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். 10 எண் ஸ்பானர் பிடிக்கும் சிறு போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பானர் இல்லாதவர்கள் ஸ்பானரின் கழுத்தை ஒட்டிப் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். தோளைக் கொடுத்தால் மரை போய்விடும்.

காற்றை வெளியேற்றுவது

ஹோஸை மாட்டி, கிளிப்பை இறுக்கி, வடிக்கும் திருகையும் இறுக்கிவிட்டு, கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் காற்று உள்ளே சிக்கும். தெர்மோஸ்டாட்டைச் சூழ்ந்து காற்று நின்றுவிட்டால், கூலன்ட் தொடாததால் புதிய தெர்மோஸ்டாட்டும் நேரத்துக்குத் திறக்காது. புதிது போட்டும் வண்டி சூடாகிறது என்று திரும்பி வருபவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் இதுதான்.

ஹீட்டர் குமிழைச் சூட்டின் பக்கம் முழுதாகத் திருப்பி வையுங்கள். ஊற்ற ஊற்ற மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குபுக் குபுக்கென்று குமிழி வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். வீட்டு வாசலில் சாய்வான இடம் இருந்தால் முன்பக்கம் மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்துவது காற்று ஏறி வர உதவும். காற்றை விடத் தனித் திருகு இருக்கும் கார்களில், குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை அதைத் திறந்து வைத்து மூடுங்கள்.

இனி பேட்டரியை மாட்டி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம். முகத்தை ரேடியேட்டருக்கு மேலே நீட்டாதீர்கள். சில நிமிடங்களில் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும். ரேடியேட்டர் வாயில் மட்டம் கொஞ்சம் இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. இறங்கியதை நிரப்பி, கூலன்ட் பொங்குவதற்குள் மூடியைப் போட்டுவிடுங்கள். பிறகு விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஓட விட்டு, தெர்மோஸ்டாட் மூடியின் விளிம்பைச் சுற்றியும் ஹோஸ் முனையிலும் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரிசர்வ் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டம் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். முள் ஏறி, நடுவை ஒட்டி நின்று, அங்கேயே இருக்க வேண்டும். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். இரவில் மிச்சக் காற்று வெளியேறியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். என் வண்டியில் முதல் காலை ஒரு டம்ளர் அளவு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஒரு வாரம்வரை தினமும் ரிசர்வ் டப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தெர்மோஸ்டாட் மூடியின் விளிம்பில் கூலன்ட் நிறத்தில் பொருக்கு கட்டியிருந்தால், ஆறிய வண்டியில் போல்ட்டை இன்னும் ஒரு சிறு அளவு இறுக்கிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் பேக்கிங்கைத் திரும்பப் போட வேண்டும். அடுத்த மாதமும் விளிம்பு காய்ந்தே இருந்தால், கேனில் வைத்திருக்கும் பழைய கூலன்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.